ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு போர்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து ஒரு பெரியம்மா போன் செய்தார். அம்மா வழியில் சுற்றி வளைத்து வரும் சொந்தம். மழை இல்லாததையும் தேங்காய் விலையையும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணு, உங்க மாமாவைச் சேர்த்தினீங்களே, அந்த மாதிரி நல்ல சென்டரா ஒண்ணு சொல்லு சாமி. ஆம்பளைகளுக்கு மட்டும் இருக்கோணும். பையனை அங்க தாட்டி உட்டா, திருந்தி வந்தா போதும்" என்றார். பையனுக்கு 32 வயது. ஐந்து வருடமாகப் பெண் பார்க்கிறார்கள், இன்னும் அமையவில்லை. அந்த வெசனத்தில்தான் குடிக்கிறான் என்று அம்மா சொல்கிறார். குடிக்கிறான் என்பதால்தான் அமையவில்லை என்று ஊர் சொல்கிறது. எனக்குத் தெரிந்த நம்பரைக் கொடுத்தேன், அடுத்த ஞாயிறு மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஆனால் "ஆம்பளைகளுக்கு மட்டும்" என்று அவர் அழுத்திச் சொன்னது அன்றைக்கு முழுக்க மண்டைக்குள்ளேயே கிடந்தது.

அக்கா வீட்டுக்காரரை, எங்கள் மாமாவை, இரண்டு இடங்களில் சேர்த்தோம். இரண்டு இடத்து வாசலிலும் ஒரே மாதிரி போர்டு: குடி மற்றும் போதை மீட்பு மையம், ஆண்களுக்கு மட்டும். முதல் இடத்தில் ஆளே போயிருப்பார். இரண்டாவது இடத்திலிருந்து வேறு ஆளாக வந்தார். போர்டில் இருந்த எழுத்து ஒன்றுதான் என்றால், உள்ளே எது வேறாக இருந்தது? இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "என்னோடதை எழுதுங்க மாப்பிள்ளை. கூட இருந்தவங்களோடதை எழுதிடாதீங்க" என்றார். அக்காவிடம் கேட்டேன். "எழுது. ஊர் பேர் போடாத" என்றாள்.

மாலை போட்ட 48 நாள்

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவே இருக்கிற எத்தனையோ தறிக்குடோன்களில் மாமாவுடையதும் ஒன்று. எட்டு விசைத்தறி. பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், வியாபாரி கொடுப்பார், காடாத் துணி ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். 2004 தை மாதம் கல்யாணம். அதற்குச் சில வாரம் முன்புதான், 2003 நவம்பர் கடைசியில், சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அப்போதெல்லாம் மாமா சனிக்கிழமை கூலி வாங்கினால் மட்டும் குடிப்பார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை குடிக்காத தறிக்காரரை எங்கள் பக்கம் விரல் விட்டு எண்ணலாம்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவார். 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டார். அதுதான் எங்கள் குடும்பத்தின் பெரிய ஆறுதலாக இருந்தது. "நெனைச்சா நிறுத்திடுவாரு, மனசு வெக்கிறதில்லை" என்று அம்மா சொல்வார். மாலை போட்ட மாமாவை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். தெருவில் போகிற சின்னப் பையன்கூட "சாமி" என்று கூப்பிடுவான். சாயங்காலம் குருசாமி வீட்டில் பத்துப் பதினைந்து ஆம்பளைகள் கூடி உட்கார்ந்து பஜனை பாடுவார்கள், பொங்கலோ சுண்டலோ சாப்பிடுவார்கள், ஒருத்தருக்கொருத்தர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். மாலையைக் கழற்றியதும் இதெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். சாமியாக இருந்தவர் மறுநாள் கடன்காரராகத் தறிக்குப் போவார். அன்றைக்கு ராத்திரி குடிப்பார். அந்த 48 நாள் அவரைத் தாங்கிப் பிடித்தது வெறும் வைராக்கியம் இல்லை. மரியாதையாக ஒரு பெயர் இருந்தது, போய் உட்கார ஒரு இடம் இருந்தது, கூட ஆட்கள் இருந்தார்கள். இது எனக்கு மிகத் தாமதமாகத்தான் விளங்கியது.

2021 கார்த்திகையில் மாலை போட்ட இரண்டாம் நாளே கை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் வேர்த்து ஊற்றியது, தூக்கம் இல்லை, சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். நான் போய்ப் பார்த்தேன், எறும்பு எதுவும் இல்லை. சாமி குத்தம் என்றார்கள். உண்மையில், தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று சரக்கு கிடைக்காமல் தவித்தது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கிவிடும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். சனிக்கிழமைக் குடி எந்த மாதத்தில் தினக்குடியாக மாறியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். தறி ஓடாத வீட்டில் ஆம்பளைக்கு வேலை இல்லை. பேங்க் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் வரைக்கும்கூடப் பொறுக்க முடியாமல் பிளாக்கில் வாங்கிக் குடிக்கிற நிலைமைக்கு மாமா வந்தது அந்த நாட்களில்தான். சந்தேகப் பேச்சும் அப்போதுதான் ஆரம்பித்தது. அக்கா பால் ஊற்றுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசினால்கூட ராத்திரி அதற்கு விசாரணை நடக்கும்.

முதல் இடம்

அம்மா முதலில் பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கி வந்தார். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. கலந்தும் கொடுத்தார்கள். அதில் என்ன இருந்ததோ, இரண்டு நாள் வாந்தி. டாக்டர்கள் தருகிற டைசல்பிராம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துக் குடித்தால்கூட இப்படி ஆகலாம். அதனால்தான் சாப்பிடுகிறவருக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் தர வேண்டும். ஒரு ஆளுக்குத் தெரியாமல் அவர் சோற்றில் எதைக் கலப்பதும் தவறு என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் அந்த முதல் மையம். ராத்திரி பதினொரு மணிக்கு வேன் வந்தது. நாலு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா திண்ணையில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகள் இரண்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தன. பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டது நான். ஒரு மாதம் யாரும் பார்க்கக் கூடாது, போன் கிடையாது, மூன்று மாதத்தில் புது ஆளாகத் தருகிறோம் என்றார்கள். தகரம் போட்ட ஒரு நீளமான கூடம், வெளியே பூட்டு. டாக்டர் வாரம் ஒரு தடவை வருவாராம். சேர்த்த இரண்டாம் ராத்திரி மாமாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. நடிக்கிறான் என்று தண்ணீரை ஊற்றி, அடித்திருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது ஏழெட்டு மாதம் கழித்து.

மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று 2017ல் ஒரு சட்டம் வந்தது. குடிநோய்க்குச் சிகிச்சை தருகிற இடமும் அதற்குள் அடங்கும். அரசு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது, தனியறையில் பூட்டி வைக்கக் கூடாது, கொடுமைப்படுத்தக் கூடாது. இது தெரிந்திருந்தால் சேர்க்கும்போது நாலு கேள்வியாவது கேட்டிருப்பேன். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா வீட்டில் மூன்று மாதம் நிம்மதி இருக்கும் என்பதுதான். அந்த நிம்மதியை அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார் என்று பார்க்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தார். பத்து கிலோ இளைத்திருந்தார். யாரிடமும் பேசவில்லை. பதினோராம் நாள் குடித்தார். குடித்துவிட்டு வந்து முதல் முதலாக அழுதார். "அத்தனை ஆம்பளைங்க இருந்தோம் மாப்பிள்ளை, ஒருத்தன்கூட வாயைத் தொறக்கலை. தொறந்தா அடி" என்றார்.

ஆண்களே இருந்த இடங்கள்

அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆம்பளையின் வாழ்க்கை முழுவதும் ஆண்கள் மட்டும் இருக்கிற இடங்களில்தான் கழிகிறது. தறிக்குடோன், லாரி கேபின், கெடா வெட்டுக்குக் கோயில் பின்னாடி விரிக்கிற தார்ப்பாய், டாஸ்மாக் பார். பாரில் போர்டு இல்லை, ஆனால் அதுவும் ஆண்களுக்கு மட்டும்தான். அங்கே பேச்சுக்குக் குறைவே கிடையாது. மூன்றாவது பெக்குக்கு மேல் கடனைச் சொல்லி அழலாம், செத்துப்போன ஐயனை நினைத்து அழலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காலையில் எல்லாமே போதையில் சொன்னது ஆகிவிடும். தெளிவாக இருக்கும்போது அதே வார்த்தையைச் சொல்ல அவருக்கு வேறு இடம் இல்லை. வீட்டில் சொன்னால் ஆம்பளை இல்லை. பங்காளிகளிடம் சொன்னால் அடுத்த நோம்பிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கொங்கு நாட்டுக்கும் மதுவுக்கும் நடந்த சண்டை ரொம்பப் பழையது. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கி மதுவுக்கு எதிராக வேலை செய்த ராஜாஜி, முதல்வரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். விட்டுப்போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரியும் வந்தது. கடையைத் திறப்பதா மூடுவதா என்பதையே நூறு வருடமாகப் பேசுகிறோம். பெண்களின் கண்ணீரைச் சொல்லிப் பேசுகிறோம், அது நியாயமான கண்ணீர். குடிக்கிற ஆளிடம் போய், உனக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்பது மட்டும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை.

எய்ம்ஸ் நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஒரு விவரம் இருக்கிறது. நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ள ஆண்களில் 27.3 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம். குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது, 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்கிறார். எங்கள் மாமா அந்த 180ல் ஒருவராக ஆனபோது அவருக்குக் கிடைத்தது தகரக் கொட்டகையும் அடியும். வரிசையில் நிற்கிற மற்றவர்கள் இதைக் கேள்விப்பட்டால் எப்படி வருவார்கள்?

அமெரிக்காவில் போதை சிகிச்சைக்கான அரசு நிறுவனமான சாம்சா, பெண்களுக்கு என்ன தேவை என்று 2009ல் ஒரு கையேடு போட்டது. ஆண்களுக்கு என்று தனியாகக் கையேடு வந்தது 2013ல். அதுவரைக்கும் சிகிச்சை என்றாலே ஆண்களை வைத்துத்தான் செய்திருந்தார்கள், அதனால் ஆண்களுக்குத் தனியாக என்ன வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. உதவி கேட்பதையே அவமானமாக நினைப்பது, கோபத்தைத் தவிர வேறு எதையும் வெளியே காட்டத் தெரியாதது, அப்பனாக நடந்துகொள்ளத் தெரியாதது, சின்ன வயதில் வாங்கிய அடி, படுக்கையறைக் கஷ்டம் என்று அந்தக் கையேடு பேசுகிற விஷயங்களைப் படித்தபோது, யாரோ பல்லடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதினது போல இருந்தது.

கரண்ட் இல்லாத நாள்

இரண்டாவது தடவை அவரை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. 2023ல் மஞ்சள் காமாலை வந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்தபோது, மனநலப் பிரிவு டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்கண்ணா" என்று கேட்டார். மாமாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அங்கேயே பத்து நாள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பு பி1 விட்டமின் ஊசி போட்டார்கள். அதுதான் மூளையைக் காப்பாற்றும் என்று நர்ஸ் சொன்னார். அதன் பிறகு அவரே ஒப்புக்கொண்டு ஈரோடு பக்கம் ஒரு சின்ன மையத்துக்குப் போனார். கதவு பூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ப் பார்க்கலாம். தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேச வைப்பவர் தானே குடியிலிருந்து மீண்டவர். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்பதுதான் முதல் விதி.

அங்கே என்ன பேசினார் என்பது எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லாத நாள் அது. எட்டுத் தறியும் நின்றிருந்தது. அந்தக் குடோனில் நான் அதற்கு முன்பு சத்தம் இல்லாமல் இருந்ததே இல்லை, வெளியே காக்கா கத்துவது கேட்டது. மாமா கதவோரத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திருகு, அடுத்தது. ஒரு வருடத்துக்கு முன்பு காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தவர். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலை நிமிராமல் சொன்னார். "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். உங்க அக்காவை நான் அப்படிப் பேசினேனே. அதுக்குக் காரணம் அவ இல்லைங்க. எனக்கு மூணு வருசமா ஒண்ணும் முடியலைங்க." இரண்டு மூன்று இழை பிணைத்தார். "முடியாம போனதுனால குடிச்சேன்னு நெனைச்சுட்டு இருந்தேன். குடிச்சதுனாலதான் முடியாம போச்சுன்னு அங்க போயித்தான் தெரியும். அதை மறைக்கறதுக்கு அவ மேல பழி போட்டேன்."

அந்த வட்டத்தில் முதலில் சொன்னது ஒரு பெரியவர் என்றார். அவரைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் அவர் தன் கதையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொருத்தர், எனக்கும் அப்படித்தானுங்க என்றிருக்கிறார். அப்புறம் இன்னொருத்தர். மாமா நாலாவது ஆள். "அங்க ஒரு பொம்பளை இருந்திருந்தா என் வாயில இருந்து அது வந்திருக்காதுங்க. டாக்டரம்மா எவ்வளவோ நல்லவங்க, அவங்ககிட்டக்கூட வரலை. குடிச்சுட்டு இருந்த காலத்துலயும் எவன்கிட்டயும் சொன்னதில்லை. அன்னைக்குத்தான் ராத்திரி தூங்கினேன்."

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். எழுந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். என் அக்கா மூன்று வருடம் கேட்ட பேச்சுகளில் சிலது எனக்குத் தெரியும். மாமா மீது இரக்கம் வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை மறைக்கவா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அது அவருக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்காது, அந்த நிலைமையில் எனக்கும் இருந்திருக்காது என்று தோன்றியது. இரண்டும் இன்றைக்கு வரை என்னிடம் இருக்கின்றன. நான் திரும்பி உள்ளே போனபோது கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு தறியாக அவர் ஓட்டிவிட, அதற்கு மேல் பேசினால் காதில் விழாது. எங்கள் இருவருக்கும் அது உதவியாகத்தான் இருந்தது.

பிறகு டாக்டரம்மாவிடம் பொதுவாகக் கேட்டேன். நாள்பட்ட குடி நரம்பையும் ஹார்மோனையும் கெடுக்கும், இந்தக் குறை வருவது சகஜம், குடியை விட்ட பல பேருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், எல்லோருக்கும் முழுசாக ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். மனைவி மீது வருகிற சந்தேகமும் குடிநோயோடு அடிக்கடி வருவதுதான், சில பேருக்கு அதற்குத் தனியாக மருந்து தேவைப்படும், அலட்சியமாக விட்டால் கொலையில்கூடப் போய் முடியும் என்று எச்சரித்தார். எத்தனை வீட்டில் இந்த முடிச்சு இப்படியே கிடக்கிறதோ. கல்லீரலுக்கு ஸ்கேன் எடுக்கிறோம். இந்தக் கேள்வியை எந்த இடத்தில் கேட்கிறோம்?

அக்கா கேட்டது

மாமா வாராவாரம் திருப்பூரில் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது, குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற அமைப்பு. ஒரு சர்ச்சின் பின்னறை, பிளாஸ்டிக் சேர், டீ. அந்த அமைப்பு தொடங்கியதே இரண்டு ஆண்கள் பேசியதில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாகப் போன பில் வில்சனுக்கு மறுபடியும் குடிக்க வேண்டும் போல இருந்தது. குடியில் தவிக்கிற இன்னொருத்தரிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தேடிப்போய், பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைச் சந்தித்தார். மணிக்கணக்காகப் பேசினார்கள். ஜூன் 10க்குப் பிறகு பாப் குடிக்கவில்லை. அந்த நாளைத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள்.

ஒரு நாள் இந்தக் கதையை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அவருக்குப் பேச ஒரு இடம் கெடைச்சுது, சரி. எனக்கு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமா வட்டத்தில் உட்கார்ந்து சொல்லித் தூங்கிவிட்டார். அவள் இத்தனை வருடம் தூங்காமல் கிடந்தது அப்படியே இருக்கிறது. குடியில் பேசினார், குடியில் அடித்தார் என்று நாம் சொல்லும்போது குடியைக் குற்றவாளி ஆக்கி ஆளைத் தப்பிக்க விடுகிறோம். ஆண்களின் மனசுக்கு இடம் கொடுக்கிற சிகிச்சை இந்தக் கணக்கைத் தீர்க்காமல் விட்டால் நான் அதை ஏற்க மாட்டேன். நல்லவேளையாக அந்த மையத்தில் அதையும் கேட்டிருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன செய்தோம் என்று ஒவ்வொருத்தரும் பெயர் பெயராக எழுத வேண்டும். மாமா எழுதிய நோட்டு அக்காவிடம் இருக்கிறது. பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். படித்தாயா என்று நான் கேட்டதில்லை.

பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951ல் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கும் கூட்டங்கள் நடக்கின்றன. அக்கா முதலில் போக மாட்டேன் என்றாள், பிறகு போனாள். இப்போது மாதம் இரண்டு தடவை அவளும் பஸ் ஏறுகிறாள். அங்கே பேசுவதை அவளும் எங்களிடம் சொல்வதில்லை. குடிக்கு அடிமையான பெண்களுக்கு என்ன வழி என்பது இன்னும் பெரிய கேள்வி. அந்த 1.6 சதவீதத்திலும் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள், ஆனால் நான் பார்த்த வாசலில் எல்லாம் ஆண்களுக்கு மட்டும் என்ற போர்டே தொங்குகிறது.

பெரியம்மாவுக்கு நம்பர் கொடுத்த அன்று ராத்திரியே மறுபடியும் கூப்பிட்டு, எந்த இடமாக இருந்தாலும் முதலில் இதையெல்லாம் கேளுங்கள் என்றேன். அரசுப் பதிவு இருக்கிறதா? முதல் பத்து நாள் டாக்டர் தினமும் பார்க்கிறாரா, இல்லை முதலில் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார்களா? நீங்கள் போனால் பையனைக் காட்டுகிறார்களா? ராத்திரி வேன் அனுப்புகிறோம் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்க்கிறார்கள்? கெடா வெட்டுக்கும் கல்யாணத்துக்கும் போனால் ஒறம்பரை "ஒரே ஒரு கட்டிங்தானுங்க" என்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று சொல்லிக் கொடுக்கிறார்களா? 14446 என்று மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது, அதிலும் கேட்கலாம். கடைசியாக, அங்கே ஆம்பளைகள் உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. "பேசறதுக்கு என்ன கண்ணு இருக்குது" என்றார்.

சொன்னபடி அடுத்த ஞாயிறு போனோம். பையன் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். மாமா, "இருப்பா, நான் திட்ட வரலை" என்று சொல்லி அதே கட்டிலின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார். நானும் உட்காரப் போனேன். "மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் அக்கட்ட இருங்க" என்றார்.

திண்ணைக்கு வந்துவிட்டேன். பெரியம்மா மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்து எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டோடு வாசற்படியிலேயே நின்றார். கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். மாமா பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. பையன் ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். பசு ஒரு தடவை கத்தியது. கால் மணி நேரம் போல அப்படியே போனது. பிறகு பார்த்தால் மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், பையன் பேசிக்கொண்டிருந்தான். "என்ன சொல்றான்?" என்று பெரியம்மா கேட்டார். தெரியலைங்க பெரியம்மா என்றேன். இரண்டு டம்ளரிலும் ஆடை படிந்திருந்தது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் சூடு பண்ண அடுப்படிக்குப் போனார்.